சந்தா இருந்தும் ஓடாத சீனத் தொடர்

பெய்ஜிங்கிலிருந்து மெல்பர்னுக்குப் படிக்கப் போன மாணவர், ஊரில் சந்தா கட்டிப் பார்த்துவந்த தொடரை அங்கே திறக்கிறார். பதிப்புரிமை காரணமாக இந்தப் பகுதியில் காட்ட முடியாது என்று வருகிறது. யோக்கு, ஐச்சியி, டென்சென்ட் வீடியோ என்று எந்தச் செயலியிலும் இது நடக்கும். சீன அரசின் இணையத் தணிக்கைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தத் தணிக்கை முக்கியமாக யூடியூப், கூகுள் போன்ற வெளித்தளங்களைச் சீனாவுக்குள் வராமல் தடுக்கிறது. இங்கே கதவைச் சாத்துவது வீடியோ நிறுவனமே. தொடரின் உரிமம் நாடுவாரியாக விற்கப்படுகிறது. சீனாவுக்கு மட்டும் உரிமம் வாங்கிய நிறுவனம் ஆஸ்திரேலியாவில் அதைக் காட்டினால் ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும்.

சரி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? உங்கள் போன் சர்வரைக் கேட்கும்போது தன் ஐபி முகவரியையும், அதாவது இணையத்தில் தன்னை அடையாளம் காட்டும் எண்ணையும், சேர்த்தே அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பதில் வந்து சேராது. பழைய ஐபிவி4 முறையில் இது 32 பிட் எண். மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். உலகம் முழுவதற்கும் இவற்றை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பங்கிடுகின்றன. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏப்நிக் பிரிஸ்பேனில் இருக்கிறது. எந்த முகவரித் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குப் போனது என்பது யாரும் பார்க்கக்கூடிய பதிவு. இதை அடிப்படையாக வைத்துச் சில நிறுவனங்கள் பெரிய அட்டவணைகளைத் தயாரித்து விற்கின்றன. வீடியோ சர்வர் அந்த அட்டவணையில் உங்கள் எண்ணைத் தேடி, நாட்டின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறது. எத்தனை வருடச் சந்தாதாரர் என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

அட்டவணை சொல்வது ஊகம்தான். நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும், ஊர் அடிக்கடி தவறும்.

இதைத் தாண்டப் பலர் சீனாவில் சர்வர் வைத்திருக்கும் விபிஎன் சேவைகளை நாடுகிறார்கள். உங்கள் கோரிக்கை முதலில் அந்தச் சர்வருக்குப் போய், அங்கிருந்து வீடியோ நிறுவனத்துக்குப் போகிறது. நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரிவது சீன முகவரி. ஆனால் அப்புறமும் படம் சுற்றிக்கொண்டே நிற்கும். காரணம் தூரம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். லண்டனிலிருந்து பெய்ஜிங் நேர்கோட்டில் 8,100 கிலோமீட்டருக்கு மேல். போய்வரக் குறைந்தது 80 மில்லிநொடி. கேபிள்கள் நேராகப் போவதில்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கூடுதல். வழியில் நெரிசலில் ஒரு தரவுத் துண்டு தொலைந்தால், அனுப்பும் சர்வர் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். பெறும் பக்கத்திலிருந்து "வந்து சேர்ந்தது" என்ற பதில் வரவரத்தான் மறுபடி வேகத்தைக் கூட்டும். தூரம் அதிகமானால் அந்தப் பதில் தாமதமாகும், மீள்வதும் தாமதமாகும். உள்நாட்டில் இந்தத் தொல்லை குறைவு. படத்தின் நகல் பக்கத்து நகரத்துச் சர்வரிலேயே இருக்கும்.

டென்சென்ட்டின் வெளிநாட்டுச் செயலியான வீடிவி, ஐச்சியியின் சர்வதேசச் செயலி ஆகியவை முறையான வழிகள்தான். ஆனால் உள்நாட்டுப் பட்டியல் முழுவதும் அவற்றில் கிடைக்காது. வேறு நாட்டில் வேறு நிறுவனம் உரிமம் வாங்கியிருந்தால் அந்தத் தொடர் அங்கேயும் இருக்காது.

கட்டணம் செலுத்தியவரை வெளிநாடு போனார் என்பதற்காகப் பூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரலிலிருந்து இதைத் தனக்குள் மாற்றிவிட்டது. அங்கே கட்டணச் சந்தாதாரர் வழக்கமாக வசிக்கும் நாடு எது என்று சரிபார்த்துக்கொண்டு, வேறொரு உறுப்பு நாட்டில் தற்காலிகமாகத் தங்கும்போதும் அதே நிகழ்ச்சிகளைக் காட்டியாக வேண்டும். படிப்புக்காகப் போய்த் தங்குபவர்களுக்கும் அது பொருந்தும்.