ஒன்றா, பூஜ்யமா?

கல் உடைப்பவரின் நுரையீரலுக்குள் இறங்கும் சிலிக்கா துகள், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான் இருக்கும். அது எக்ஸ்ரேயில் தெரியாது. தெரிவது அதைச் சுற்றி உடல் போட்ட தழும்பு. காற்று நிறைந்த நுரையீரல் படத்தில் கறுப்பாக விழும். தழும்பு கதிர்களைத் தடுப்பதால் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

இந்தச் சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸில் புள்ளிகள் உருண்டையாக, பெரும்பாலும் மேல்பகுதியில் இருக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியென்றால் அடிப்பகுதியில் இழை இழையாகக் கோடுகள்.

சரி, எத்தனை புள்ளி இருந்தால் நோய்? ஒரு மருத்துவருக்கு அதிகமாகப் படுவது இன்னொருவருக்குக் கொஞ்சமாகப் படலாம். இதற்காகவே சர்வதேச தொழிலாளர் அமைப்பு மாதிரிப் படங்களின் தொகுப்பு ஒன்றை வைத்திருக்கிறது. நோயாளியின் படத்தை அவற்றின் பக்கத்தில் வைத்து, புள்ளிகளின் அடர்த்திக்கு 0 முதல் 3 வரை எண் போட வேண்டும். ஒரு எண் அல்ல, இரண்டு. 1/0 என்றால், ‘ஒன்று என்று முடிவு செய்தேன், ஆனால் பூஜ்யமோ என்றும் பலமாக யோசித்தேன்’ என்று பொருள். 0/1 என்றால் அதற்கு நேர்மாறு. படிப்பவரின் தயக்கத்தையும் பதிவு செய்யும் இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

படம் பயமுறுத்துவதால் நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. வெல்டிங் செய்பவரின் நுரையீரலில் படியும் இரும்பே கதிர்களைத் தடுத்துவிடும். படம் முழுக்கப் புள்ளியாக இருக்கும், மூச்சில் பெரிய குறை இருக்காது. வேலையை விட்டபின் சில ஆண்டுகளில் புள்ளிகள் மங்குவதும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸில் தலைகீழாகவும் நடக்கும்: எக்ஸ்ரே சுத்தமாக இருக்க, ஆளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

அப்போதுதான் சிடி ஸ்கேன். ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனில் நுரையீரலைச் சீவிப் பார்ப்பதால் விலா எலும்பு எதையும் மறைக்காது. ஆனால் மல்லாந்து படுத்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் தன் எடையிலேயே அமுங்கி, ஆரம்பகாலத் தழும்பு போலவே வெளுத்துத் தெரியும். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து மறுபடி எடுப்பார்கள். வெளுப்பு மறைந்தால் அது வெறும் எடை; அங்கேயே இருந்தால் தழும்பு.

இன்னொரு சிக்கல் காசநோய். அதுவும் நுரையீரலின் மேல்பகுதியைத்தான் விரும்பும். போதாததற்குச் சிலிக்கோசிஸ் உள்ளவரை அது எளிதில் பிடிக்கும். எந்த நிழல் எதனுடையது என்று பிரிக்கச் சளிப் பரிசோதனை வேண்டும், அப்புறம் வேலை வரலாறு வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தழும்பு வெளிப்படவே பெரும்பாலும் இருபது ஆண்டு ஆகிவிடுகிறது. ஸ்கேன் சீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், படத்தைப் படிப்பவருக்கு எந்தத் தூசியைத் தேடுவதென்றே தெரியாது.