வீஜாய் அசையவில்லையா? பாதுகாப்பை அணைக்காதீர்கள்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த மூன்றாவது கணினி இது. மூன்றிலும் ஒரே கதை. வீஜாய் (vJoy) என்ற மெய்நிகர் ஜாய்ஸ்டிக் டிரைவரை நிறுவியிருக்கிறார்கள், விளையாட்டில் எதுவும் அசையவில்லை. உடனே ஆன்டிவைரஸை நிறுத்தி, கணினி தொடங்கும்போது நம்பகமற்ற மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை (Secure Boot) அணைத்து, ஏதோ ஒரு தளத்திலிருந்து 'சரிசெய்த டிரைவர்' ஒன்றை இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கு மின்னஞ்சல் கணக்கே பறிபோய்விட்டது.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். வீஜாய் தானாக எதையும் அசைக்காது. ஒரு ஜாய்ஸ்டிக் செருகியிருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் டிரைவர், அவ்வளவுதான். 8 அச்சுகள் (குச்சி போன்றவை நகரும் திசைகள்), 128 பட்டன்கள் வரை காட்டும். அவற்றை நகர்த்துவதற்கு ஃபீடர் என்ற இன்னொரு மென்பொருள் வேண்டும். ஜாய்ஸ்டிக் கிரெம்லின், ஃப்ரீபை போன்றவை அந்த வேலையைச் செய்பவை. ஃபீடர் ஓடாதபோது வீஜாய் சும்மா நிற்பதில் பழுது எதுவும் இல்லை. இல்லாத பழுதுக்குத்தான் இத்தனை பூட்டுகளையும் திறந்து போடுகிறீர்கள்!

ஃபீடரை ஓடவிட்டு, விண்டோஸின் ரன் பெட்டியில் joy.cpl என்று தட்டி, வரும் பட்டியலில் வீஜாயைத் திறந்து பாருங்கள். அங்கே அச்சு நகர்கிறதா? அப்படியானால் டிரைவர் நன்றாக இருக்கிறது, இனி விளையாட்டின் அமைப்புகளில் தேடுங்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை மட்டுமே ஏற்கும் விளையாட்டு என்றால் வீஜாயோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அதற்கு எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போலக் காட்டும் விஜெம்பஸ் (ViGEmBus) என்ற டிரைவர் வேண்டும். அதன் மேம்பாடு 2023-இல் நின்றுவிட்டது. அதனால் 'புதிய பதிப்பு' என்று யாராவது நீட்டினால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை பதிகிறதா? அசல் கருவியும் மெய்நிகர் கருவியும் சேர்ந்தே விளையாட்டுக்குத் தெரிகின்றன. ஹிட்ஹைட் (HidHide) என்ற மென்பொருளைக் கொண்டு அசலை மறையுங்கள். அதற்கு முன் அதன் அனுமதிப் பட்டியலில் ஃபீடரைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஃபீடருக்கும் கருவி தெரியாது, மறுபடி 'வேலை செய்யவில்லை' என்பீர்கள்.

டிஎல்எல் (மென்பொருள் ஓடத் தேவைப்படும் துணைக் கோப்பு) இல்லை என்று செய்தி வந்தால் அந்தக் கோப்பை மட்டும் தனியாக விற்கும், வழங்கும் தளங்களுக்குப் போகவே போகாதீர்கள். உதாரணமாக, xinput1_3.dll கோப்பு மைக்ரோசாஃப்டின் டைரக்ட்எக்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. இணையப் போட்டிகளுக்கு முன் அந்த விளையாட்டின் விதிகளையும் படியுங்கள். மெய்நிகர் கருவியைக் கண்டால் தடை போடும் விளையாட்டுகளும் உண்டு.

ஏற்கெனவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டீர்களா? சரி, இன்றே திரும்ப இயக்குங்கள். செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் வட்டை மறையாக்கம் செய்து பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அது கேட்கப்படலாம். முழு ஸ்கேன் ஓட்டுங்கள். அப்புறம் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மின்னஞ்சலை முதலில்.