கடல் சத்தம் கேட்கிறதா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இயர்போனில் ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' ஒலி நாடகம் கேட்டேன். ஹாம்லெட் தனக்குத்தானே பேசும்போது என் காதோரத்தில் இருக்கிறான். அரசன் பேசினால் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து குரல் வருகிறது. இரண்டுமே காதில் செருகிய அதே குட்டி ஸ்பீக்கரிலிருந்துதானே வருகின்றன? சத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் கிட்டே இருப்பவன் கிட்டேயேதான் இருக்கிறான். எப்படி?"

சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாரே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. தூரம் என்பது சத்தத்தின் அளவு மட்டுமல்ல என்பதை அவரே கண்டுபிடித்துவிட்டார்.

இடம், வலம் அறிவது எளிது. வலப்பக்கம் எழும் ஒலி வலது காதை முதலில் தொடும். இடது காதுக்கு வந்துசேர அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி தாமதமாகும், தலை மறைப்பதால் கொஞ்சம் மங்கியும் வரும். இந்த இரண்டு வித்தியாசங்களும் போதும், மூளை திசையைச் சொல்லிவிடும். மேல், கீழ் அறிவதற்குக் காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. ஒலியலை, செவிப்பறை, நத்தைச் சுருள் எல்லாம் பள்ளியில் படித்ததுதான். நாம் நேராகத் தூரத்துக்கு வருவோம்.

ஒரு அறையில் ஒருவர் பேசுகிறார். அவர் வாயிலிருந்து நம் காதுக்கு ஒலி நேர்வழியில் வருகிறது. அதே ஒலி சுவரிலும் கூரையிலும் தரையிலும் பட்டு, திரும்பத் திரும்ப மோதி, ஆயிரம் சின்னச் சின்னப் பிரதிகளாகவும் வந்துசேர்கிறது. இந்த இரண்டாவது கூட்டத்தைத்தான் எதிர்முழக்கம் என்கிறோம். நேரே வரும் ஒலி, தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். அரை அடியில் பேசியவர் 8 அடிக்குப் பின்வாங்கினால் 24 டெசிபல் போய்விடும். ஆனால் எதிர்முழக்கம் அறை முழுக்க ஏறத்தாழ ஒரே அளவில் நிரம்பியிருக்கிறது. அவர் எங்கே நின்றாலும் அது பெரிதாக மாறாது. ஆகவே கிட்டே இருப்பவர் குரலில் நேரொலி ஓங்கியிருக்கும். தள்ளி இருப்பவர் குரலில் அறையின் ஒலி ஓங்கியிருக்கும். காது பார்ப்பது இந்த விகிதத்தைத்தான். சத்தத்தைக் குறைத்தால் இரண்டும் ஒரே அளவில் குறைகின்றன, விகிதம் அப்படியே நிற்கிறது. ஹாம்லெட்டும் காதோரத்திலேயே நிற்கிறான்.

நான் யாரிடமும் சொல்லிச் சலிக்காத ஒரு விஷயம் இதற்கடுத்து வருகிறது. அறைக்குள் பேசும்போது இத்தனை பிரதிகள் வந்து மோதுகின்றனவே, நமக்கு ஏன் அவை கேட்பதில்லை? வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பொருட்கள் அதிகமில்லாத அறையில் நின்று ஒருமுறை கை தட்டி போனில் பதிவு செய்யுங்கள். போட்டுக் கேட்டால் 'டப்' என்று ஒரு கைதட்டல், அவ்வளவுதான். இப்போது ஏதாவது ஒரு செயலியில் அதே பதிவைத் தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு ஓடவிடுங்கள். 'ஷ்ஷ்ஷ்' என்று எங்கிருந்தோ காற்றுபோல் எழுந்து, பெருகி வந்து, 'டப்' என்று முடியும். அந்த நீண்ட 'ஷ்ஷ்ஷ்' உங்கள் அறை! பதிவில் புதிதாக எதுவும் சேரவில்லை. முதலில் கேட்டபோதும் அது முழுக்க இருந்தது. நேரொலி முதலில் வந்ததால், பின்னால் வந்தவற்றைத் தனிச் சத்தமாக மூளை உங்களிடம் காட்டவில்லை. பேச்சில் சுமார் 30, 40 மில்லி விநாடிக்குள் வந்துசேரும் பிரதிகளை முதல் ஒலியோடு ஒன்றாக்கிவிடுகிறது. ஹெல்முட் ஹாஸ் 1949-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இதை அளந்து காட்டினார்.

ஒன்றாக்கினாலும் மூளை அவற்றை வீணாக்குவதில்லை. சத்தமாக நமக்குக் காட்டாமல் இடமாகக் காட்டுகிறது. பேசுபவர் எத்தனை தூரம், அறை எத்தனை பெரிது, சுவர் கல்லா திரைச்சீலையா என்று எல்லாவற்றையும் அந்தக் கூட்டத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சுவரிலிருந்து முதல் பிரதி வர ஆகும் நேரமே ஒரு அளவுகோல். 10 மீட்டர் தள்ளிச் சுவர் இருக்கும் மண்டபத்தில், பக்கத்தில் நிற்பவரின் குரல் அந்தச் சுவருக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 58 மில்லி விநாடி ஆகும். சமையலறையில் சில மில்லி விநாடிகளிலேயே வந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டும் ஹாம்லெட் வாழும் டென்மார்க் அரண்மனையை நாம் அளந்துவிடுவது இப்படித்தான்.

எதிர்முழக்கத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் வாலஸ் சாபைன். 1895-இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆனது, அதற்குள் ஒரு முழு வாக்கியம் அதன்மேல் ஏறிவிடும். இயற்பியல் உதவிப் பேராசிரியராக இருந்த இளைஞர் சாபைனிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி எப்போது அடங்குகிறது என்று காதாலேயே கேட்டு அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விடும். தான் போட்டிருக்கும் உடைகூட அளவை மாற்றுகிறது என்று தெரிந்தபின் ஒரே உடையில் அளக்கத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் இப்படிப் போயின. 1898-இல் கிடைத்த சூத்திரம் இன்றைக்கும் எல்லா அரங்குகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் அடிப்படை. இன்று ஒரு இளம் ஆய்வாளர் 'மூன்று வருடம் மெத்தை பரப்பி அளக்க வேண்டும்' என்று விண்ணப்பித்தால் நிதி கிடைப்பது கடினம். ஆறு மாதத்தில் என்ன பயன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை நாம் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வானொலி நாடகக்காரர்களுக்கு இந்த வித்தை வேலையோடு வேலையாகக் கைவந்தது. பிபிசி 1923 மே மாதம் ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தை முழுநீளமாக ஒலிபரப்பியது. அடுத்த ஜனவரியிலேயே வானொலிக்கென்று எழுதிய ஒரு நாடகம் வந்தது. எழுதிய ரிச்சர்ட் ஹியூஸ் அதை விளக்கு அணைந்துபோன ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நடக்கவிட்டார். கேட்பவருக்கும் பாத்திரங்களுக்கும் ஒரே இருட்டு. பிற்பாடு நாடக ஸ்டூடியோக்களில் ஒரு பகுதியை வெறும் சுவரும் கட்டாந்தரையுமாக வைத்தார்கள். இன்னொரு பகுதியில் கனத்த திரையும் பஞ்சும் அடைத்து எதிர்முழக்கத்தை அடியோடு உறிஞ்சிவிட்டார்கள். இதற்கு 'டெட் ரூம்' என்று பேர். அங்கே மைக்கை ஒட்டி நின்று கிசுகிசுத்தால் அறையே இல்லாத குரல் கிடைக்கும். தனக்குள் பேசும் ஹாம்லெட் அந்தக் குரலில்தான் வருகிறான். அறை இல்லை, தூரம் இல்லை, ஆகவே அது நம் தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் இருக்கிறது. தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து பேசி அனுப்பி, ஒட்டவைத்த பதிவுகளில் இதையே மறுபக்கமிருந்து கேட்கலாம். நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அரசன் ஒரு அறையிலும் அரசி வேறொரு அறையிலும் இருப்பதைக் காது காட்டிக்கொடுத்துவிடும்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் பெரும்பாலும் திறந்தவெளி அரங்கில் பட்டப்பகலில்தான் நாடகம். நடுநிசியில் கோட்டைச் சுவர்மேல் தொடங்குகிறது 'ஹாம்லெட்'. இருட்டை வசனத்தால்தான் கொண்டுவர வேண்டும். "நாளை ஒரு நாடகம் கேட்போம்" என்றுதான் ஹாம்லெட்டே சொல்கிறான், பார்ப்போம் என்று சொல்வதில்லை. நாடகங்களை இயர்போனில் கேட்பதை மட்டம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த வரியைத்தான் காட்டுவேன்.

காதில் மட்டுமே முழுமையாகப் புரியும் காட்சி ஒன்று உண்டு என்றால், என்னைப் பொறுத்தவரை அது 'லியர் அரசன்' நாடகத்தில் வருகிறது. கண் பிடுங்கப்பட்ட கிழவர் குளோஸ்டர், டோவர் மலையுச்சியிலிருந்து விழுந்து சாக நினைக்கிறார். வழிகாட்டுபவன் அவர் மகன் எட்கர். அவன் யாரென்று அவருக்குத் தெரியாது. அவரைக் காப்பாற்றுவதற்காகச் சமதரையில் நிறுத்திவைத்து, உச்சிக்கு வந்துவிட்டோம் என்று பொய் சொல்கிறான்.

தரை சமமாக இருக்கிறதே என்கிறார் கிழவர். இல்லை, பயங்கரச் செங்குத்து என்கிறான் மகன். கடல் சத்தம் கேட்கிறதா என்று கேட்கிறான். இல்லை என்கிறார். உன் குரல் மாறியிருக்கிறதே என்கிறார். அதையும் மறுக்கிறான். மூன்றிலும் கிழவர் சொன்னதே சரி. பிறகு அவன் கீழே பார்த்து வர்ணிக்கிறான். பறக்கும் காகங்கள் வண்டளவுகூட இல்லை, கடற்கரையில் நடக்கும் மீனவர்கள் எலிபோலத் தெரிகிறார்கள், இத்தனை உயரத்துக்கு அலையின் முணுமுணுப்பு எட்டாது.

மேடையில் பார்ப்பவருக்கு இது பொய் என்று தெரியும், பலகைத் தரை கண்ணெதிரே இருக்கிறது. இயர்போனில் கேட்பவருக்கு? சமவெளியிலும் சுவர் இல்லை, மலையுச்சியிலும் சுவர் இல்லை. திரும்பி வர எதிர்முழக்கமே கிடையாது. இத்தனை நேரம் நமக்காக அறைகளை அளந்துகொண்டிருந்த காதுக்குப் பிடிமானமாக எதுவுமே இல்லை. நாடகத்தை முன்பே படிக்காதவரானால், கிழவர் இருக்கும் அதே இடத்தில்தான் அவரும் நிற்கிறார். ஒலிப்பதிவாளர் அங்கே மெல்லிய அலைச் சத்தம் ஒன்றைச் சேர்த்தால் எட்கரின் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று பொருள். எதுவும் சேர்க்காத பதிவுகளையே தேடிக் கேளுங்கள். வறண்ட, சுவரில்லாத அந்தக் குரல் மட்டும் காதோரத்தில் காகங்களை வர்ணித்துக்கொண்டிருக்கும். கிழவர் முன்னால் சாய்வார். எவ்வளவு ஆழம் என்று காது சொல்லாது.