ஏரோசால் என்றால் தூசியா?

இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு மருத்துவமனை. அறுவை அரங்கின் கதவில் ஒட்டியிருந்தார்கள்: ‘இன்று வடிகட்டிகளுக்குத் தூசிச் சோதனை.’ அருகில் நின்ற மீனவ அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, ஆபரேஷன் அறைக்குள் தூசியை விடுவார்களா?” இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது மூன்றாவது முறை.

மூலச்சொல் ஏரோசால். ‘ஏரோ’ கிரேக்கத்தில் காற்று. ‘சால்’ கரைசலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலைப்பகுதி. காற்றில் மிதக்கும் நுண்ணிய திடத்துகள் அல்லது திரவத்துளி, தாங்கும் காற்றோடு சேர்த்து, ஏரோசால். தூசியும் அதில் ஒரு வகை. ஆனால் ஒரு வகை மட்டுமே.

அந்த அரங்கில் விடுவது தூசி அன்று, எண்ணெய்த்துளி. பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்ற எண்ணெயைப் புகைபோல ஆக்கி வடிகட்டிக்கு முன்னால் செலுத்துவார்கள். மறுபுறம், துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அளக்கும் ஃபோட்டோமீட்டரின் முனையை வடிகட்டியின் முகப்பு முழுக்க நகர்த்துவார்கள். முன்னால் விட்டதில் 0.01 சதவீதத்துக்கு மேல் ஓரிடத்தில் தெரிந்தால் அங்கே கசிவு என்பது பரவலான வரையறை. ஹெப்பா எனப்படும் இந்த நுண்வடிகட்டி 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள்களில் 99.97 சதவீதத்தைத் தடுக்க வேண்டியது. இத்தனை நுட்பமான வேலைக்குத் துடைப்பத்தை நினைவூட்டும் சொல்லா?

சிலர் ‘தெளிப்பான்’ என்கிறார்கள். வயலில் முதுகில் சுமக்கும் கருவி அது. அதிலிருந்து பறக்கும் சாரலுக்குக் கருவியின் பெயரை வைப்பது எந்த இலக்கணம்? ‘காற்றுக்கரைசல்’ இன்னும் மோசம். மூலத்தில் ‘கரைசல்’ இருப்பதாலேயே எழுத்தெண்ணிப் பெயர்த்திருக்கிறார்கள். சர்க்கரை தேநீரில் கரைந்து மறைகிறது. இந்தத் துளி எதிலும் கரையவில்லை. கரையாமல் ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஃபோட்டோமீட்டர் அதைக் காண்கிறது. அகராதியைப் பார்க்கும் மொழிபெயர்ப்பாளர் கருவியையும் ஒருமுறை பார்த்திருக்கலாம்.

ஒன்றுக்குள் மற்றொன்று கரையாமல் நுண்துகளாகப் பரவியிருப்பதைப் பாடநூல் கூழ்மம் என்கிறது; அதை ஒட்டி ‘வளிக்கூழ்மம்’ எனலாம். வகுப்பறைக்குப் பொருந்தும், கதவில் ஒட்ட உதவாது. நான் ‘மிதவைத்துகள்’ என்பேன். காற்றையும் சேர்த்துச் சொல்லவில்லை என்பது குறைதான். சோதனைக்கு அந்தக் குறை தடையில்லை. வலையில் மிதவை கட்டும் இந்தக் கரையில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பொருளும் இங்கேயே இருக்கிறது. அலையில் குமிழி உடைந்து தெறிக்கும் நுண்துளி, நீர் ஆவியானபின் உப்புத்துகளாக மிதந்து வருகிறது. பாம்பன் பாலத்தின் இரும்பை அரிக்கும் உப்புக்காற்று அதுதான். அதையும் ‘தூசி’ என்றால் அந்த அம்மாவே ஒப்பமாட்டார்.

கதவில் இப்படி எழுதியிருக்கலாம்: ‘இன்று வடிகட்டிகளில் கசிவுச் சோதனை. எண்ணெய் மிதவைத்துகள் பயன்படுத்தப்படும். உள்ளே வராதீர்கள்.’