பேடில் போர்டில் தூண்டில்: முதலில் காற்றைப் பாருங்கள்

மதுரையிலிருந்து பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக மண்டபம் போய், பேடில் போர்டில் (துடுப்பு போட்டு ஓட்டும் மிதவைப் பலகையில்) தூண்டில் போட நினைப்பவர்களை ஆடி மாத வடகடல் நன்றாக ஏமாற்றும். தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளித்துக்கொண்டிருக்க, வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் கண்மாய் போலக் கிடக்கும். காரணம் கச்சான் காற்று. தென்மேற்கிலிருந்து வரும் அது நிலத்தைக் கடந்துதான் வடகடலில் இறங்குகிறது. அலை வளர வேண்டுமென்றால் காற்று நெடுந்தூரம் தண்ணீர்மேல் ஓட வேண்டும். கரையோரத்தில் அந்தத் தூரம் கிடையாது. உள்ளே போகப் போக அலை பெருக்கும், காற்றும் ஆளைக் கரையைவிட்டுத் தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காலத்தில் இதே ஏமாற்று தென்கடலில் நடக்கும்.

சோதனை எளிது. ஒரு பிடி காய்ந்த மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள். கடல் பக்கம் பறந்தால் அன்று பலகையை இறக்க வேண்டாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். பலகைமேல் நிற்கிற ஆளே பாய்மரம். மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் வீசினால் புதியவர்கள் கரையிலேயே இருக்கலாம். நடுவில் காற்று கிளம்பிவிட்டால் நிற்காமல் மண்டியிட்டுத் துடுப்பு போடுங்கள்.

11 அடி நீளம், 34 அங்குல அகலம் உள்ள, காற்றடித்து உப்பவைக்கும் பலகை 70 கிலோ ஆளையும் சாமானையும் சிரமமின்றித் தாங்கும். மிதப்பதில் சிக்கலில்லை, கவிழ்வதில்தான். நிற்கும்போது உடலின் எடை மையம் தொப்புள் உயரத்தில் இருக்கிறது. உட்கார்ந்தால் மிகவும் கீழே இறங்கிவிடும். அதனால் மீன் பிடிப்பது உட்கார்ந்தே. மீன் பெட்டியைப் பலகையின் நடுக்கோட்டில் கட்டுங்கள்.

காற்றை மதுரையிலேயே அடித்துக் கார் மேல் கட்டிக்கொண்டு வருவது தவறு. 27 டிகிரியில் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்த பலகை, வெயிலில் 60 டிகிரிக்குச் சூடானால் உள்ளழுத்தம் 18ஐத் தாண்டும். ஒட்டுத் தையல் விட்டுப்போகலாம். கடற்கரையில் நிழலில் வைத்து அடியுங்கள்.

உடல் பெரும்பாலும் தானே மிதக்கும். தலை வெளியே நிற்கக் கூடுதலாக 4, 5 கிலோ தூக்குவிசை போதும். 50 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் தருவது அதைத்தான். பலகையில் கட்டிவைத்தால் பயனில்லை, போட்டிருக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர்களுக்கு அதுவும் போதாது. காலையும் பலகையையும் இணைக்கும் லீஷ் கயிறு இன்னும் முக்கியம். ஆள் விழுந்ததும் பாரம் குறைந்த பலகை, நீந்துகிறவரைவிட வேகமாகக் காற்றோடு ஓடிவிடும்.

விழுந்து ஏறுவதை ஆள் மூழ்கும் ஆழமுள்ள நீச்சல் குளத்தில் பத்து முறையாவது பழகுங்கள்: நடுக் கைப்பிடியைப் பிடித்து, கால்களை உதைத்து உடலைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிற்றால் சறுக்கி ஏற வேண்டும். கண்மாய் இதற்குத் தோதல்ல. தண்ணீருக்குள் கருவேல முள் கிடக்கும். மீன் குத்தகை எடுத்தவரும் சும்மா விடமாட்டார்.

நங்கூரக் கயிற்றைப் பலகையின் மூக்கிலோ (முன் முனை) வாலிலோ (பின் முனை) கட்டுங்கள். பக்கவாட்டில் கட்டினால் அலை பலகையின் அகலத்தில் மோதிக் கவிழ்த்துவிடும். 3 மீட்டர் ஆழத்துக்கு 10 மீட்டர் கயிறாவது விடுங்கள். குட்டையாக விட்டால் நங்கூரம் மண்ணைக் கவ்வாமல் தூக்கிக்கொள்ளும். கடல்புல் மேல் போடாதீர்கள், அது கடல் பசுவின் மேய்ச்சல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அந்தப் பக்கம் தூண்டிலே வேண்டாம்.

கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டு, நீர் புகாத உறையில் போனுடன் கிளம்புங்கள். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554.

தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை (நுனியருகே பின்னோக்கி நிற்கும் சிறு முள்) கொறடால் நசுக்கிவிட்டால், கையில் ஏறினாலும் சுலபமாகக் கழற்றலாம். கெளிறு, திருக்கை ஏறினால் பலகைமேல் இழுக்காமல் தூண்டில் நரம்பை வெட்டிவிடுவதே புத்திசாலித்தனம். அந்த மீன்களின் முள் பலகையையும் துளைக்கும், காலையும் துளைக்கும். குத்திவிட்டால் கரையேறி, பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், அரை மணி நேரத்துக்குமேல் அமிழ்த்தி வைக்க வேண்டும். அந்த விஷம் புரதம், சூட்டில் சிதையும். வலி தணிந்தாலும் முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். காரில் டீ ஃபிளாஸ்க்கோடு வெந்நீர் ஃபிளாஸ்க் ஒன்றும் இருக்கட்டும்.