பெரிஃபெரல்: ‘வெளிச் சாதனம்’ அல்ல, புறவுறுப்பு

டீபக்கர் (நிரலில் பிழை தேட உதவும் மென்பொருள்) மெனுக்களையும் பயிற்சிக் குறிப்புகளையும் தமிழாக்குகிறவர்கள் ‘பெரிஃபெரல்ஸ்’ பலகத்துக்கு ‘வெளிச் சாதனங்கள்’ என்று பெயர் வைப்பதை இனியாவது நிறுத்த வேண்டும். ‘வெளிப்புறச் சாதனம்’, ‘இணைப்புக் கருவி’ எல்லாம் அதே பிழையின் உடன்பிறப்புகள். மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினி) டீபக்கரில் அந்தப் பலகத்தைத் திறந்தால் டைமர், யூஆர்ட் (தொடர்வழித் தொடர்பு), ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்குவது), ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு-வெளியீட்டு முனைகள்) என்று வரிசையாக நிற்கும். ஒன்றுகூட சிப்புக்கு வெளியே இல்லை.

சொல்லின் பிறப்பு சுருக்கமாக: கிரேக்கத்தில் ‘பெரி’ என்றால் சுற்றி, ‘ஃபெரெய்ன்’ என்றால் சுமத்தல். இரண்டும் சேர்ந்து வட்டத்தின் பரிதியைக் குறித்தன. பரிதி வட்டத்தின் விளிம்புதானே தவிர, வட்டத்தை விட்டுப் பிரிந்த இன்னொரு பொருள் அல்ல. பெருங்கணினிக் காலத்தில் அச்சுப்பொறியும் நாடா இயக்கியும் தனித்தனிப் பெட்டிகளாக இருந்ததால் ‘புறச்சாதனம்’ அவற்றுக்குப் பொருந்தியது. 1980-இல் வந்த இன்டெல் 8051-இலேயே 16 பிட் டைமர் இரண்டும் ஒரு தொடர்வழித் துறையும் செயலி இருக்கும் சில்லுக்குள் வந்துவிட்டன. பெட்டி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

‘வெளி’ என்றால்தான் எல்லோருக்கும் புரியும், ‘புறம்’ பண்டிதத் தமிழ் என்பது எதிர்த்தரப்பின் வாதம். புரிகிறது, தவறாகப் புரிகிறது. ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம் செயலிகளின் 4 ஜிபி முகவரிப் பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி முதல் 1.5 ஜிபி வரை உள்ள பகுதிக்குப் பெயர் ‘பெரிஃபெரல்’. 2.5 முதல் 3.5 ஜிபி வரை உள்ள பகுதிக்குப் பெயர் ‘எக்ஸ்டர்னல் டிவைஸ்’. உண்மையிலேயே வெளியில் இருக்கும் சாதனங்களுக்கு என்று ஒதுக்கிய இடம் அதுதான். முதலாவதை ‘வெளிச் சாதனம்’ என்று எழுதித் தீர்த்தவர் இரண்டாவதற்கு என்ன எழுதுவார்? அதற்கு மேலே 3.5 ஜிபியில் தொடங்கும் 1 எம்பி இன்னும் வேடிக்கை. குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டகம், சிஸ்டிக் டைமர், சுழற்சிகளை எண்ணும் டிடபிள்யூடி ஆகியவை செயலிக் கருவோடு ஒட்டிப் பிறந்தவை. அவை உட்காரும் இடம் ‘பிரைவேட் பெரிஃபெரல் பஸ்’. இங்கே பஸ் என்பது தரவு போகும் வழி. இவர்கள் வழியில் போனால் ‘தனியார் வெளிச் சாதனப் பேருந்து’ என்றுதான் வந்து நிற்கும். ‘தனிப் புறவுறுப்புப் பாட்டை’ என்றால் என்ன குறைந்துவிடும்?

‘புறம்’ இங்கே குற்றவாளி அல்ல. வலப்புறம், இருபுறம், புறநகர் என்று பக்கத்தையும் ஓரத்தையும் சுட்டும் பொருள் அதற்கு உண்டு, ‘வெளி’க்கு இல்லை. புறத்தோல் உடம்புக்கு வெளியிலா கிடக்கிறது? உறுத்துவது ‘சாதனம்’தான். அது தனியே கையில் எடுக்கக்கூடிய பொருளை நினைவூட்டுகிறது. ‘உறுப்பு’ என்று மாற்றினால் ஒரே உடலின் பகுதி என்பது சொல்லிலேயே வந்துவிடும். ‘சுற்றுறுப்பு’ என்று ஒரு யோசனையும் உண்டு. வேரோடு ஒத்துப்போகிறது, ஆனால் நம் துறையில் ‘சுற்று’ என்றாலே மின்சுற்று. மின்தடை, மின்தேக்கியைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. எஸ்டிஎம்32எஃப்1 மைக்ரோகன்ட்ரோலரில் யூஆர்ட் 1 வேலை செய்யவில்லை, பலகத்தைத் திறந்தால் எல்லாப் பதிவகங்களும் (உறுப்பின் அமைப்பையும் நிலையையும் வைத்திருக்கும் சிறு நினைவகங்கள்) பூஜ்யம் என்று வையுங்கள். ‘வெளிச் சாதனம்’ என்று படித்தவர் கம்பியையும் கனெக்டரையும் சோதிப்பார். அதன் நிலைப் பதிவகத்தில் 6, 7-ஆம் பிட்டுகள் ரீசெட்டிலேயே 1 ஆக இருக்க வேண்டும். அவையும் 0 என்றால் அந்த உறுப்புக்குக் கடிகாரத் துடிப்பே போகவில்லை. கடிகாரங்களைக் கட்டுப்படுத்தும் ஆர்சிசி பகுதியில் ஏபிபி2 இயக்கப் பதிவகத்தின் 14-ஆம் பிட்டை 1 ஆக்க வேண்டும். இன்னொன்று: அதே யூஆர்ட்டின் தரவுப் பதிவகத்தை டீபக்கர் படித்தாலும் ‘தரவு வந்தது’ கொடி அழியும். பலகத்தைத் திறந்தபடி ஒவ்வொரு அடியாக ஓட்டினால் வந்த பைட்டை நம் நிரல் தவறவிடும். எட்ட நின்று வேடிக்கை பார்க்கிற சாதனம் அல்ல அது, தொட்டால் பதில் வினை செய்யும் உறுப்பு. பதிவகங்களை டீபக்கருக்கு விவரிக்கும் எஸ்விடி கோப்பில் படித்தலின் விளைவு குறிக்கப்பட்டிருந்தால் நல்ல டீபக்கர் அந்தப் பதிவகத்தைத் தானாகப் படிக்காது. குறிக்கப்படாத கோப்புகளும் இருக்கின்றன.

பக்கத்துப் பலகத்தின் கதி இன்னும் மோசம். ‘ப்ராசஸர் யூசேஜ்’ என்பதைச் ‘செயலிப் பயன்பாடு’ என்கிறார்கள். கைபேசி ஆப்பும் செயலி, ப்ராசஸரும் செயலி. அப்ளிகேஷனும் பயன்பாடு, யூசேஜும் பயன்பாடு. ‘ஆப்பின் அப்ளிகேஷன்’ என்று ஒருவர் படித்தால் அவர்மேல் தப்பில்லை. ‘செயலிச் சுமை’ என்றால் விஷயம் முடிந்தது, ஏனென்றால் அங்கே அளப்பது சுமையைத்தான். டிடபிள்யூடி குறித்த சுழற்சிக்கு ஒருமுறை நிரல் எண்ணியின் மதிப்பை (ஓடும் கட்டளையின் முகவரியை) டீபக்கருக்குத் தகவல் தரும் எஸ்டபிள்யூஓ கம்பியில் அனுப்பும், செயலி உறங்கினால் உறக்கப் பொட்டலம் அனுப்பும். இவை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. மொத்த மாதிரிகளில் உறக்கம் அல்லாதவற்றின் விகிதமே திரையில் தெரியும் சதவீதம். 72 மெகாஹெர்ட்ஸில் 1,024 சுழற்சிக்கு ஒன்று என்று வைத்தால் நொடிக்கு ஏறத்தாழ 70,000 மாதிரி, உறங்காதபோது ஒவ்வொன்றும் 5 பைட். நொடிக்கு 2 மெகாபிட் வேகக் கம்பி அதைத் தாங்காது. பொட்டலங்கள் நிரம்பி வழிந்து சதவீதம் பொய் சொல்லும். 16,384-க்கு ஒன்று என்று வையுங்கள், நொடிக்கு 4,400-க்குள் அடங்கும்.

மற்ற கூட்டுச்சொற்கள் தாமாக வந்துவிடும்: புறவுறுப்புப் பதிவகம், புறவுறுப்புக் கடிகாரம், புறவுறுப்பு முகவரி. விசைப்பலகைக்கும் அச்சுப்பொறிக்கும் ‘புறச்சாதனம்’ அப்படியே இருக்கட்டும். அவற்றைத்தான் நிஜமாகவே கம்பி போட்டு இணைக்கிறோம்.