குறையைக் கணக்காக எழுதிக் கொடுங்கள்

சென்னையின் ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்களை ஊருக்குத் தெற்கே கொண்டுபோய்க் குடியமர்த்துவது 2000-ஐ ஒட்டி, கண்ணகி நகரில் ஆரம்பித்தது. அப்புறம் செம்மஞ்சேரி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் பெரும்பாக்கத்து மாடிக் கட்டடங்களுக்கு வந்தன. ‘குடிசை போய் மாடி வீடு கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன குறை?’ என்று இன்றைக்கும் கேட்கிறார்கள்.

இங்கே கணக்கெடுக்கப் போகும் சமூகப் பணியாளர்கள் பலரும் முதலில் மாத வருமானத்தைத்தான் கேட்கிறார்கள். அதில் பாதி கதை தெரியாது. காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை பார்த்த அக்கா ஒருவர், முன்பெல்லாம் நடந்தே போவார். முதல் வீட்டில் ஆறு மணிக்கு வாசல் தெளிக்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்கிற காரியமில்லை. அந்த வீடு போயிற்று. பிள்ளை பள்ளி விட்டு வருவதற்குள் திரும்ப வேண்டும் என்பதால் கடைசி வீடும் போயிற்று. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் பேருந்திலேயே கழியும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாதே.

இதை அதிகாரிகளிடம் அப்படியே போய்ச் சொன்னால் ‘பார்க்கிறோம்மா’ என்பார்கள். அரசின் விதியையே எடுத்துப் பக்கத்தில் வைத்தால்தான் பேச்சு மாறும். 400 முதல் 800 பேருக்கு ஓர் அங்கன்வாடி என்பது அரசு வகுத்த அளவு. கட்டட பிளாக் வாரியாகத் தலைக்கணக்கு எடுங்கள், 800-ஆல் வகுங்கள், இருக்கிற மையங்களைக் கழியுங்கள். ‘பால்வாடி போதவில்லை’ என்று மனு எழுதாமல், எந்தெந்த பிளாக்குக்கு எத்தனை குறைகிறது என்று எழுதுங்கள். மையங்களின் பட்டியல் கையில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

பள்ளி விஷயமும் இப்படித்தான். வருஷத்தின் நடுவில் இடம் மாற்றினால் பழைய பள்ளியின் டி.சி. வர நாளாகும், அதற்குள் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பழகிவிடும். எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளையை, டி.சி. தாமதம் என்று சொல்லி அரசுப் பள்ளியோ அரசு உதவிபெறும் பள்ளியோ திருப்பி அனுப்பக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், பிரிவு 5. பிரிவு எண்ணோடு கேட்டால் தலைமையாசிரியரிடம் வாதாட வேண்டிய வேலையே பெரும்பாலும் இராது.

எடுத்த கணக்கை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறோம். வந்து வந்து எழுதிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து அவர்களுக்கும் அலுத்துவிட்டது. வாசித்தால் உடனே திருத்துவார்கள். ‘லிஃப்ட் இருக்கிறதா? ஆம்’ என்றிருந்த வரியைக் கேட்டதும் மேல்மாடிப் பாட்டி ஒருவர் சொன்னார்: “இருக்குது. ஓடுதான்னு கேட்டியா?”

திருத்திய கணக்கை மனுவோடு சேர்த்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் கொடுங்கள். குடியிருப்பிலிருந்து நாலு பேராவது கூட வரட்டும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள். அடுத்த முறை போகும்போது முதலில் கேட்பது அதிலுள்ள எண்ணைத்தான்.